குரூஸ் கண்ட்ரோல் நின்றால் முதலில் பிரேக் லைட்டைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை உங்கள் வாகனப் பக்கத்தில் ஒரு வாசகர் கேள்வி கேட்டிருந்தார். 2012 மாடல் கார், குரூஸ் கண்ட்ரோல் (ஆக்சிலேட்டரை மிதிக்காமலே வண்டியை ஒரே வேகத்தில் ஓடவைக்கும் வசதி) திடீரென்று வேலை செய்யவில்லை, என்ன செய்வது என்று. அதற்கு வந்த பதில் இரண்டே வரி: பழைய வண்டியில் அது ஓர் ஆடம்பர வசதிதான், சரிசெய்யச் செலவு அதிகம், அதை மறந்துவிட்டு ஓட்டுங்கள். கடையைத் திறப்பதற்கு முன்னால் டீ குடித்துக்கொண்டே படித்தேன், அன்று முழுக்க மனசு ஆறவில்லை. தண்டையார்பேட்டையில் 26 வருஷமாக ஆட்டோ எலக்ட்ரிகல் வேலை பார்க்கிறேன். குரூஸ் போய்விட்டது என்று என் கடைக்கு வந்த வண்டிகளில் பாதிக்கு மேல் கோளாறு இருந்தது பிரேக் லைட் வயரிங்கில்தான். அப்படியென்றால் அந்த வாசகரின் வண்டியில் பிரேக் மிதிக்கும்போது பின்னால் சிவப்பு விளக்கு சரியாக எரிகிறதா என்பதே சந்தேகம். அவரிடம் போய் மறந்துவிட்டு ஓட்டுங்கள் என்று சொல்லலாமா?

இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள், அதனால் சொல்லிவிடுகிறேன். பிரேக் பெடலுக்கு மேலே, டாஷ்போர்டுக்கு அடியில், கட்டைவிரல் அளவுக்கு ஒரு சுவிட்ச் இருக்கும். பெடலை மிதித்தால் பின்பக்க விளக்குக்குக் கரண்ட் அனுப்புவது அதுதான். நிறைய வண்டிகளில் அதே சுவிட்சுக்குள் இரண்டு காண்டாக்ட் வைத்திருப்பார்கள், மிதித்தால் ஒன்று சேரும், மற்றது பிரியும். இன்ஜின் கம்ப்யூட்டர் இரண்டையும் பார்த்துக்கொண்டே இருக்கும். மிதித்தார் என்று ஒன்றும் மிதிக்கவில்லை என்று இன்னொன்றும் சொன்னால், எதை நம்புவது என்று அதற்குத் தெரியாது, குரூஸைக் கொடுக்காமல் நிறுத்திக்கொள்ளும். டிரைவர் பிரேக் மிதித்த நொடியில் குரூஸ் விட்டுவிட வேண்டும் என்பதுதான் அதன் முதல் விதி, அந்த நொடியை நம்பிக்கையாகக் கண்டுபிடிக்க முடியாவிட்டால் குரூஸே வேண்டாம் என்று வடிவமைத்தவர்கள் சரியாகத்தான் முடிவு செய்திருக்கிறார்கள். பல வண்டிகளில் இதற்கென்று டாஷ்போர்டில் எந்த எச்சரிக்கை விளக்கும் வராது. குரூஸ் செட் ஆகவில்லை என்பது மட்டும்தான் நமக்குக் கிடைக்கும் ஒரே தகவல்.

போன மாதம் கொருக்குப்பேட்டையிலிருந்து ஒருத்தர் வந்தார். கையில் ஒரு பெரிய ஒர்க்ஷாப் கொடுத்த எஸ்டிமேட், த்ராட்டில் பாடி (இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கட்டுப்படுத்தும் பாகம்), ஈசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) எல்லாம் சேர்த்து 38,000 ரூபாய். "அண்ணா, இதுக்கு நடுவுல பேட்டரி வேற ரெண்டு தடவை டவுன் ஆயிடுச்சு, புது பேட்டரியும் வாங்கிட்டேன்" என்றார். குரூஸும் இல்லை, பேட்டரியும் நிற்கவில்லை என்றதுமே எனக்கு ஒரு யோசனை வந்தது. வண்டியின் பின்னால் போய்ப் பார்த்தேன், பெடலில் யாரும் கால் வைக்கவில்லை, ஆனால் மூன்று பிரேக் லைட்டும் எரிந்துகொண்டிருந்தன. வீட்டு முன்னால் இடமில்லாததால் தெருமுனையில் ஒரு சுவரை ஒட்டி, பின்பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி நிறுத்துவாராம், ராத்திரி பூரா பின்னால் எரிந்தது யார் கண்ணிலும் படவில்லை. டிரைவர் சீட்டுக்கு முன்னால் உள்ள கால்மிதியைத் தூக்கிப் பார்த்தால் பிஸ்கட் தூள் மாதிரி நீல நிறத்தில் பிளாஸ்டிக் துகள்கள்.

அது என்னவென்றால், பிரேக் பெடலின் இரும்புப் பட்டையில் ஒரு ஓட்டை இருக்கும், அதில் சட்டை பட்டன் மாதிரி ஒரு சின்ன பிளாஸ்டிக் துண்டு சொருகியிருக்கும். பெடல் மேலே வரும்போது சுவிட்சின் முனையை அழுத்திப் பிடிப்பது அந்தத் துண்டுதான். பத்துப் பன்னிரண்டு வருஷம் நம் ஊர் வெயிலில் வெந்தால் அது பொடிந்து கீழே விழுந்துவிடும், சுவிட்சின் முனை ஓட்டைக்குள்ளே போய்விடும், அப்புறம் வண்டியைப் பொறுத்தவரை நீங்கள் நிரந்தரமாகப் பிரேக்கை மிதித்துக்கொண்டே இருக்கிறீர்கள். குரூஸ் எப்படி வரும்? அந்தத் துண்டின் விலை நூறு ரூபாய்கூட இல்லை. மாட்டியது பத்து நிமிஷம், குனிந்து படுத்து கையை உள்ளே விட்டதுதான் கஷ்டம். 38,000 ரூபாய் எஸ்டிமேட் போட்டவர்கள் ஏமாற்ற வேண்டும் என்று போட்டார்கள் என நான் சொல்ல வரவில்லை. வண்டியின் கம்ப்யூட்டரில் பதிவான கோளாறைப் படிக்கிற ஸ்கேனரை மாட்டினார்கள், அதில் தெளிவாக ஒன்றும் வரவில்லை, உடனே விலை அதிகமான பாகத்தில் ஆரம்பித்துவிட்டார்கள். அதைவிட முக்கியம், அந்த மனிதர் எத்தனை நாளாக எண்ணூர் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு முன்னால் அப்படி ஓட்டினாரோ. எப்போதும் எரிகிற பிரேக் லைட்டும் எரியாத பிரேக் லைட்டும் பின்னால் வருகிற டிரெய்லர் டிரைவருக்கு ஒன்றுதான், இவர் எப்போது நிறுத்துகிறார் என்று அவருக்குத் தெரியாது.

இன்னொரு வண்டியைப் பற்றிக் கட்டாயம் எழுத வேண்டும், ஏனென்றால் இந்தக் கோளாறு வடசென்னையில் இனியும் நிறைய வரும். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எண்ணூர், எர்ணாவூர் பக்கம் எண்ணெய் கலந்த வெள்ளம் வீடுகளுக்குள் வந்தது எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். அந்தத் தண்ணீரில் இரண்டு நாள் நின்ற கார் அது. இன்ஜினுக்குள் தண்ணீர் போகவில்லை, சீட்டையும் கார்ப்பெட்டையும் கழற்றிக் காயவைத்து, எண்ணெய்க் கறையைத் துடைத்து ஓட்ட ஆரம்பித்துவிட்டார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் வேலை. ஏழெட்டு மாதம் கழித்து என்னிடம் வந்து, "அண்ணா, பகல்ல குரூஸ் நல்லா புடிக்குது, நைட்ல படுத்துக்குது" என்றார். இவரை மூன்று இடத்தில் சொன்னதை நம்பாமல் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். பகலில்தானே டெஸ்ட் ஓட்டுவார்கள், பகலில் எல்லாம் சரியாக இருக்கும்.

பகலுக்கும் ராத்திரிக்கும் வண்டியில் என்ன வித்தியாசம்? ஹெட்லைட் போடுகிறோம், கூடவே பின்பக்கப் பார்க் லைட்டும் எரிகிறது, அவ்வளவுதான். பழைய வண்டிகளில் பார்க் லைட்டுக்கும் பிரேக் லைட்டுக்கும் சேர்த்து ஒரே பல்ப், உள்ளே 5 வாட் இழை ஒன்று, 21 வாட் இழை ஒன்று, இரண்டுக்கும் பொதுவாக ஓர் எர்த், அதாவது கரண்ட் வண்டியின் உடம்புக்குத் திரும்பிப் போகிற இணைப்பு. அந்த எர்த் விட்டுப்போனால் பார்க் லைட்டுக்கு வந்த கரண்ட் திரும்பிப் போக வழியில்லாமல் பிரேக் இழை வழியாகப் பின்னோக்கி ஏறும். மழைநீர்க் கால்வாய் அடைத்துக்கொண்டால் தண்ணீர் வந்த வழியே திரும்பி வீட்டுக்குள் ஏறுமே, அதே மாதிரி. பிரேக் லைன் வயரில் கொஞ்சம் கரண்ட் தெரிந்ததும் கம்ப்யூட்டர் யாரோ பிரேக் மிதித்துவிட்டார்கள் என்று நினைத்து குரூஸை விட்டுவிடும். டிக்கியைத் திறந்து இடதுபக்க லைட்டுக்குப் பின்னால் இருந்த எர்த் போல்ட்டைப் பார்த்தேன், பச்சைக் களிம்பு பூத்துப் போயிருந்தது. உப்புத்தாள் போட்டு இரும்பு தெரிகிற வரை தேய்த்து, வயர் முனையை வெட்டி, போல்ட்டில் மாட்டுகிற புது உலோக வளையம் (லக்) போட்டு இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். கூலி 350 ரூபாய். அன்று ராத்திரியே பொன்னேரி தாண்டிப் போய்ப் பார்த்துவிட்டுப் போன் செய்தார்.

பல்ப் விஷயத்திலேயே இன்னொன்று. அழகுக்காகப் பின்பக்கம் எல்இடி பல்ப் மாற்றிக்கொண்டு, அடுத்த வாரமே குரூஸ் போய்விட்டது என்று வருகிறவர்கள் நிறைய. சில பழைய வண்டிகளில் குரூஸ் யூனிட், பிரேக் மிதிக்காத நேரத்தில் அந்த பல்ப்பின் இழை வழியாக எர்த் கிடைக்கிறதா என்று பார்க்கும். பழைய பல்ப்பில் அது கிடைக்கும், எல்இடியில் கிடைக்காது. எல்லா பிரேக் பல்ப்பும் ஃபியூஸ் போய்விட்டாலும் இதே கதைதான். அதனால் எல்இடி போட்ட வண்டி என்றால் நான் முதலில் பழைய மாதிரி பல்ப்பை மாட்டிவிட்டுத்தான் அடுத்த வேலை. நிறைய தடவை அடுத்த வேலை இருக்காது.

எங்கள் பகுதிக்கு உப்புக்காற்று ஒரு தனித் தொல்லை. காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் வெளியே நிற்கிற வண்டிகளில் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற ஸ்பீடு சென்சாரும் அதன் வயரை இணைக்கிற கப்ளரும் மற்ற இடங்களைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கின்றன. டாஷ்போர்டில் ஏபிஎஸ் (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற அமைப்பு) விளக்கும் எரிந்து குரூஸும் போயிருந்தால் பெடல் பக்கம் போகவே வேண்டாம், நேராகச் சக்கரத்துக்குப் போங்கள். வேகம் எவ்வளவு என்றே தெரியாத வண்டி எந்த வேகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்? அரிசி குடோன் பக்கம் நிறுத்துகிறவர்களுக்கு எலி. வயர் கடிபட்டிருந்தால் முறுக்கி டேப் சுற்றிவிட்டு அனுப்பாதீர்கள் என்று என்னிடம் வேலை கற்றுக்கொள்கிற பையன்களிடம் தினமும் சொல்கிறேன், ஈயப்பற்று வைத்து, மேலே ஸ்லீவ் போட்டு மூடினால்தான் இந்தக் காற்றுக்கு நிற்கும்.

கிளட்ச் பெடலுக்கும் தனியாக ஒரு சுவிட்ச் உண்டு, அதுவும் குரூஸை விடுவிக்கும். நம் ஆட்களில் பலருக்கு இடதுகாலைக் கிளட்ச் மேலேயே வைத்து ஓட்டிப் பழக்கம். லேசாக அழுத்தினாலும் சுவிட்ச் மாறிவிடும். இரண்டு முறை அப்படி வந்த வண்டியில் நான் எதையும் கழற்றவில்லை, காலைக் கீழே வைத்து ஓட்டுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அதேபோல நிறைய வண்டிகளில் ஏறக்குறைய 40 கிலோமீட்டர் வேகத்துக்குக் கீழே செட் ஆகாது, அது கோளாறு இல்லை.

பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் கட் ஆகிறது என்றால் பிரேக் சுவிட்சின் இடைவெளி விளிம்பில் நிற்கிறது என்று அர்த்தம், பெடல் ஒரு நூல் அசைந்தாலே போதும். இதில் ஒரு ஜாக்கிரதை வேண்டும். சில சுவிட்சுகள் தானாக அளவு பார்த்துக்கொள்கிற வகை, ஒரு தடவை கழற்றினால் அதன் முனையை முழுக்க வெளியே இழுத்துவிட்டுத்தான் திரும்பச் சொருக வேண்டும். கழற்றியதை அப்படியே திருப்பிச் சொருகினால் முன்பு கொஞ்சமாவது பிடித்த குரூஸும் போய்விடும், பிரேக் லைட்டும் சரியான நேரத்தில் எரியாது.

குரூஸ் பட்டனை அழுத்தினால் டாஷ்போர்டில் அதன் விளக்கே வரவில்லை, ஹார்னும் சரியாக அடிக்கவில்லை, ஏர்பேக் விளக்கும் எரிகிறது என்றால் அது ஸ்டீயரிங்குக்குள் இருக்கிற ஸ்பைரல் கேபிள். ஸ்டீயரிங் இரண்டு பக்கமும் திரும்பும்போது அறுந்துபோகாமல் இருக்க, சுருள் சுருளாக நாடா மாதிரி சுற்றி வைத்த வயர் அது. வருஷக்கணக்கில் திருப்பித் திருப்பி ஒரு நாள் விட்டுப்போகும். இதை மட்டும் வீட்டில் வைத்துக் கழற்றாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். அதற்கு மேல்தான் ஏர்பேக் உட்கார்ந்திருக்கிறது, பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றி, அந்த வண்டிக்குச் சொன்ன நேரம் காத்திருந்த பிறகுதான் கை வைக்க வேண்டும், அதுவும் வேலை தெரிந்தவர்கள். அறுந்த நாடாவை ஒட்டுப்போட்டுக் கொடுப்பதும், ஏர்பேக் லைனில் ஒரு ரெசிஸ்டரை மாட்டி விளக்கை மட்டும் அணைத்துவிட்டு காசு வாங்குவதும் நடக்கிறது. விளக்கு அணைந்துவிடும், விபத்து நடந்தால் பை விரியாது. என் தொழிலில் இருக்கிறவர்கள் செய்கிற இந்த வேலையை நினைத்தால் எனக்கு ஆத்திரம் வருகிறது, அதை மறைக்க விரும்பவில்லை.

ரொம்பப் பழைய இறக்குமதி வண்டிகள் எப்போதாவது வரும். அதில் கம்ப்யூட்டர் கையில் த்ராட்டில் இருக்காது, ஒரு ரப்பர் டயாஃப்ரம் (மெல்லிய சவ்வு) வைத்த டப்பா, இன்ஜின் உறிஞ்சும் காற்றின் இழுப்பில் ஒரு கேபிளை இழுத்து ஆக்சிலேட்டரைப் பிடித்துக்கொண்டிருக்கும். சமதரையில் நன்றாகப் போய் மேம்பாலம் ஏறும்போது வேகம் விழுந்தால் ரப்பர் ஹோஸ் வெடித்திருக்கும், இல்லை டயாஃப்ரம் ஓட்டையாகியிருக்கும். ஹோஸைக் கழற்றி வேக்கம் பம்ப் வைத்து இழுத்துப் பிடித்தால் பம்ப் மீட்டரின் முள் நிற்க வேண்டும், இறங்கினால் எங்கோ காற்று போகிறது. கேபிள் தொளதொளவென்று இருந்தால் வேகம் ஏறி இறங்கி ஊஞ்சலாடும், ரொம்ப இறுக்கிவிட்டால் ஐடிலிங் ஏறிவிடும், கொஞ்சம் ஆட்டம் விட்டுத்தான் வைக்க வேண்டும். இந்த வண்டிகளில் வேலை செய்யும்போது எனக்கு ரால்ஃப் டீட்டர் நினைவு வரும். குரூஸ் கண்ட்ரோலுக்கு 1950இல் காப்புரிமை வாங்கிய அமெரிக்கப் பொறியாளர் அவர், ஐந்து வயதிலேயே பார்வை போனவர். 1958 கிரைஸ்லர் இம்பீரியல் காரில்தான் அது முதலில் விற்பனைக்கு வந்தது. கார் ஓட்ட முடியாத ஒருவர், பக்கத்தில் உட்கார்ந்து வேகம் கூடிக் குறைவதை உடம்பால் உணர்ந்தே இப்படி ஒன்றை யோசித்திருக்கிறார். டாஷ்போர்டுக்கு அடியில் கண் எட்டாத இடத்தில் விரலால் தடவித் தடவி சுவிட்சைத் தேடும்போது அந்த மனிதர்மேல் மரியாதை கூடிக்கொண்டே போகிறது.

இன்னொரு ஆபத்தையும் எழுதியாக வேண்டும். சுவிட்ச் கிடைக்கவில்லை என்று இரண்டு வயரையும் நேராகச் சேர்த்து, பிரேக் எப்போதுமே மிதிக்கப்படவில்லை என்று கம்ப்யூட்டரை நம்பவைத்து குரூஸை ஓடவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த வண்டியில் பிரேக் மிதித்தாலும் குரூஸ் விடாமல் போகலாம். யாராவது உங்களுக்கு அப்படிச் செய்து கொடுத்திருந்தால் இன்றே பிரித்துப் போடுங்கள். இந்தச் சின்ன சுவிட்சை அலட்சியமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதற்கு அமெரிக்காவில் நடந்ததே போதும். ஃபோர்டு கம்பெனி 1999 முதல் 2009 வரை தவணை தவணையாக ஒரு கோடிக்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தது, குரூஸை விடுவிக்கிற சுவிட்சுக்குள் பிரேக் ஆயில் கசிந்து, இன்ஜின் அணைத்து நிறுத்தியிருந்த வண்டிகள்கூடத் தீப்பிடித்ததால்.

சரிசெய்த பிறகு சோதித்துப் பார்ப்பதும் வேலையில் சேர்ந்ததுதான். வண்டலூர் மீஞ்சூர் வெளிவட்டச் சாலையில் விடியற்காலையில், சாலை காலியாக இருக்கும்போது, வாடிக்கையாளரைப் பக்கத்தில் உட்காரவைத்துப் போவேன். செட் செய்து பிரேக்கை விரலால் தொடுவது போல லேசாக மிதித்தால் விட்டுவிட வேண்டும், கிளட்சைத் தொட்டாலும் விட வேண்டும், பட்டனை அழுத்தினாலும் விட வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் அந்த வண்டியை நான் முடித்துக் கொடுப்பதில்லை. அப்புறம் ஹெட்லைட் போட்டு அதே மூன்றையும் திரும்ப ஒரு தடவை.

ஒர்க்ஷாப் நடத்துகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். ஸ்கேனரில் கோளாறு எண் வரவில்லை என்றால் கோளாறே இல்லை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். அதே ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்தால் பிரேக் சுவிட்ச் ஒன்று, இரண்டு, கிளட்ச் சுவிட்ச், வண்டியின் வேகம் எல்லாம் வரிசையாகத் தெரியும். ஒருத்தர் பெடலை மெதுவாக மிதித்து விட, இன்னொருத்தர் திரையைப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் விஷயம் தெரிந்துவிடும். கையில் ஒரு டெஸ்ட் லேம்ப்பும் மல்டிமீட்டரும் இருந்தால் மிச்சமும் தெரிந்துவிடும். ரேடார் வைத்த புது வண்டிகளின் குரூஸ் வேறு கதை, அதன் முன்பக்க சென்சாரைத் தொட்டால் திரும்ப அளவு வைக்கத் தனிக் கருவி வேண்டும், அதை நான் தொடுவதில்லை. நான் பேசுவது பத்து, பதினைந்து வருஷம் ஓடிய வண்டிகளைப் பற்றி, அதைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி, தவணை கட்டிக்கொண்டு, அதிலேயே தடா, நெல்லூர் என்று வேலைக்குப் போய் வருகிறவர்களைப் பற்றி. அவர்களுக்கு 38,000 ரூபாய் என்பது இரண்டு மாத வீட்டுச் செலவு.

ஆசிரியர் அவர்களே, உங்களுக்குக் கேள்வி அனுப்பிய அந்த வாசகரின் முகவரி உங்களிடம் இருக்கும். இந்தக் கடிதத்தைப் போட இடமில்லை என்றாலும் பரவாயில்லை, அவருக்கு மட்டும் ஒரு தகவல் அனுப்பிவிடுங்கள். இன்று ராத்திரி வண்டியின் பின்பக்கத்தை ஏதாவது ஒரு சுவரைப் பார்த்து நிறுத்தி, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே பிரேக்கை மிதிக்கட்டும். இரண்டு பக்கமும் நடுவிலும் மூன்று விளக்கும் பளிச்சென்று எரிய வேண்டும், காலை எடுத்தால் மூன்றும் அணைய வேண்டும். அப்புறம் ஹெட்லைட்டைப் போட்டு இன்னொரு தடவை. அதில் ஒன்று சரியில்லை என்றாலும் காலையில் வேலைக்குப் போகும்முன் பக்கத்துத் தெரு எலக்ட்ரீஷியனிடம் காட்டிவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியன்,
தண்டையார்பேட்டை, சென்னை.